ஓய்வுநாளில் வந்த அழைப்பு

ஓய்வுநாளான ஞாயிறன்று எங்கள் தீவு ஊரில் கொடியில் துணி காயாது. உருளைக்கிழங்கைச் சனிக்கிழமையே தோல் சீவித் தண்ணீரில் போட்டு வைத்துவிடுவோம். ஈனுகிற ஆட்டுக்கு மட்டும் கிழமை தெரியாது. தவிர்க்க முடியாத வேலைக்கும் இரக்கத்துக்கான வேலைக்கும் ஓய்வுநாளில் தடையில்லை என்று போதகரே சொல்லியிருப்பதால், அந்த ஏப்ரல் ஞாயிறு மதியம் ஊரே ஆராதனையில் இருந்தபோது நான் மேற்கு வேலியோரம் பாவாடை நனையச் சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். குட்டி தலை திரும்பிக் கிடந்தது. கடல் காற்று மழையைப் படுக்கைவசமாக அடித்துக்கொண்டிருந்தது. ஒருவழியாகக் குட்டியை இழுத்து வெளியே போட்டு, அது மூச்சு விடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

நார்மன் வெளியே வந்தார். எழுபத்தொரு வயது, முன்னாள் மீன்பிடிக் கப்பல்காரர். பிப்ரவரியில் படகுத்துறையில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து, ஊன்றுகோல் இல்லாமல் நாலடி நடக்க முடியாதவர். தலையில் தொப்பி இல்லை. ஒரு கக்கத்தில் ஊன்றுகோல், இன்னொரு கக்கத்தில் மகளுடைய லேப்டாப், திறந்தபடியே, ஒயர் தரையில் இழுபட்டது. நேராக ஆடுகளை மருந்துத் தண்ணீரில் முக்கும் தொட்டிக்குப் போனார். குளிர்கால மழைநீர் அதில் விளிம்பு வரை நின்றது. லேப்டாப்பை உள்ளே போட்டார். போட்டதோடு விடாமல், முக்கும்போது ஆட்டின் தலையை அழுத்துவோமே, அப்படி ஊன்றுகோலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யோவ் நார்மன்! என்னய்யா, கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று கத்தினேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் குட்டியை மேல்கோட்டுக்குள் சொருகிக்கொண்டு வேலியைத் தாண்டினேன். அந்த லேப்டாப்பில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அவர் மகள் இஷ்பெல் போன செப்டம்பரில் இன்வெர்னஸிலிருந்து கப்பலேறி வந்தாள். ஒரு பெட்டி, அந்த லேப்டாப், அவ்வளவுதான். ஒன்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் வேறெதையும் அவளால் எடுத்துக்கொண்டு வர முடியவில்லை. புருஷன் அவளை நெருங்கக் கூடாது என்று உத்தரவு கேட்டு எங்கள் தீவு நகரமான ஸ்டோர்னவே நீதிமன்றத்தில் மனு போட்டிருந்தாள். புதன்கிழமை விசாரணை. அவன் என்னென்ன செய்தான் என்று அவளே தன் வாயால் சொல்கிற வாக்குமூலத்தைச் செவ்வாய் சாயங்காலத்துக்குள் வக்கீலிடம் கொடுக்க வேண்டும். மூன்று வாரமாகப் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை முடிந்து வந்ததும் அப்பா வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, நாளுக்கு ஐந்து வரி ஆறு வரி என்று அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கம் பாக்கி இருந்தது. முடித்துவிட்டு மொத்தமாக அனுப்பலாம் என்று வைத்திருந்தாள்.

அதே மேசையில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்த நார்மன், "என்னம்மா எழுதுற?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மகளிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைக்கிற ஆண்கள் எங்கள் தீவில் நிறைய. அந்த மரியாதையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் உள்ளே போனபோது அவர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. குட்டியைப் பழைய பெட்டி ஒன்றில் போட்டு அடுப்போரம் வைத்தேன். "எதுக்குய்யா அதைத் தொட்டியில போட்டீரு?" என்று கேட்டேன். கால் முறிந்ததிலிருந்து ஞாயிறு ஆராதனையை அவர் அந்த லேப்டாப்பில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். படம் நின்றுவிட்டதா, சத்தம் வரவில்லையா என்று கேட்டேன். கல்லிடம் பேசியிருந்தால் மூன்று வார்த்தை வந்திருக்கும்.

ஒன்றரை மணிக்கு இஷ்பெல் வந்தாள். சபைக்குப் போட்ட தொப்பியைக்கூடக் கழற்றாமல் சூப் பானையை அடுப்பில் ஏற்றினாள். மேசையைப் பார்த்தாள்.

"லேப்டாப் எங்கப்பா?"

அவர் நெருப்பைப் பார்த்தார்.

"ஆட்டுத் தொட்டியில கெடக்கு" என்று நான்தான் சொன்னேன்.

முதலில் அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஓடினாள். திரும்பி வந்தபோது தோள் வரை நனைந்திருந்தாள். லேப்டாப்பைச் சாய்த்ததும் மடக்கிலிருந்து பழுப்புத் தண்ணீர் மேசைமேல் கொட்டியது.

"இதுல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றார் நார்மன். ஓய்வுநாளில் அவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது. அன்று அது பொய் என்று எனக்குத் தெரியவில்லை.

"மூணு வாரம்ப்பா! ஒவ்வொரு வரிக்கும் மனசால அந்த வீட்டுக்குள்ள போய், அங்க என்ன நடந்துச்சோ அதை மறுபடியும் பட்டு, வெளிய வந்து எழுதினேன். புதன்கிழமை நான் எதைக் கொண்டுபோய்க் காட்டுறது? இந்தத் தொட்டித் தண்ணியவா?"

"இஷ்பெல்..."

"பிடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? கோர்ட்டுக்குப் போகாத, ஊர்ல நாலு பேரு பேசுவாங்க, சபையில தலை நிமிர முடியாதுன்னு. சொல்லியிருந்தா நான் ஸ்டோர்னவேயில ஒரு ரூம் எடுத்துட்டுப் போயிருப்பேன். இப்படி எலியக் கொல்ற மாதிரி தண்ணியில அமுக்கியா கொல்லணும்?"

"அதுக்கில்லம்மா."

"பின்ன எதுக்கு?"

அவர் ஊன்றுகோலை அடுப்போரம் சாய்த்து வைத்தார். அவள் சூப் பானையைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் நாயின் தட்டில் ஊற்றினாள். ஆட்டு எலும்பும் பார்லியும் சேர்த்து இரண்டு நாளாகக் கொதித்த சூப். நாய்க்கே நம்ப முடியவில்லை, தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது.

அன்று முழுவதும் அப்பனும் மகளும் பேசவில்லை. நானும் அவர்மேல் கொதித்துப்போய்த்தான் வீடு திரும்பினேன். ஊருக்குப் பயந்து மகளின் வழக்கை மூழ்கடித்தவர் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் திங்கள், காலையிலேயே மழை விட்டது. இஷ்பெல் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஆத்திரம் தீர வேலை செய்துகொண்டிருந்தாள். பதினொரு மணிக்கு நான் குட்டியைப் பார்க்கப் போனபோது மேசையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சட்டியில் உப்பு ஹெர்ரிங் மீன் ஊறியது. நார்மன் அதே நாற்காலியில், அதே கால்சட்டையில் இருந்தார். அப்போது கதவைத் திறந்துகொண்டு கடிகாரம் உள்ளே வந்தார்.

கடிகாரம் என்பது சபை மூப்பர். ஆராதனைக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே வந்து உட்காருவதால் அந்தப் பெயர். பிறப்புச் சான்றிதழில் டொனால்ட் மெக்லவுட். எங்கள் ஊரில் மட்டும் டொனால்ட் மெக்லவுட் என்று ஒன்பது பேர் உண்டு. கடிகாரம், பாலம், அமெரிக்கா, பூனை, சின்னக் கப்பல் என்று ஆளுக்கொரு பட்டப்பெயர். யாரையும் யாரும் டொனால்ட் என்று கூப்பிடுவதில்லை. கல்லறைக் கல்லில் பார்த்துத்தான் சிலரின் நிஜப் பெயரே தெரியவரும். ஆராதனையைக் கேமராவில் அனுப்புவது இந்தக் கடிகாரத்தின் பொறுப்பு.

"உடம்புக்கு என்ன நார்மன்?" என்றார், மனைவி கொடுத்தனுப்பிய கேக்கை மேசையில் வைத்தபடி. "நேத்து ரெண்டாவது சங்கீதத்துல உன் பேரு திரையிலருந்து போயிருச்சு. வரணும்னு பார்த்தேன், ஞாயித்துக்கிழமை வண்டி எடுக்க வேணாம்னு விட்டுட்டேன்."

நார்மன் நிமிர்ந்தார். இருபத்திரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அவர் குரல் வெளியே வந்தது.

"நீதானய்யா கேட்ட! திரையைக் காட்டு, அங்கருந்தே கையாள அனுமதி குடுன்னு நீதான கேட்ட!"

"நானா?"

"பின்ன நானா? முதல் ரெண்டு வாரமும் சத்தம் வரலைன்னு நீதான இப்படிக் கேட்டு, உள்ள வந்து சரி பண்ணின? நேத்தும் கேட்ட. பாட்டு நடுவுல கேட்குறானே, ஏதோ அவசரம்போலன்னு அனுமதிய அமுக்கினேன்."

"நார்மன், அந்த ரெண்டு வாரத்தோட நிறுத்திட்டேன். ஓய்வுநாள்ல அது வேணாம், சனிக்கிழமையே பார்த்து வைன்னு சபையில சொல்லிட்டாங்க. நேத்து நான் கேமராவ வச்சதோட சரி. கையால தொடலை. சங்கீதம் பாடிக்கிட்டிருந்தேன், உன் மச்சினன் பக்கத்துல நின்னான், கேட்டுப் பாரு."

இஷ்பெல்லின் கையில் கத்தி நின்றது.

"அப்பா, என்ன பேரு வந்துச்சு?"

"இவன் பேருதான். டொனால்ட் மெக்லவுட்."

அவள் எழுந்து அவருக்கு முன்னால் வந்து நின்றாள். "செம்பட்டையோட பேரு என்னப்பா?"

செம்பட்டை என்பது அவள் புருஷன். தலைமுடிக்காகக் கல்யாணத்தன்றே எங்கள் ஊர் வைத்த பெயர். ஒன்பது வருஷமும் அவன் எங்களுக்குச் செம்பட்டைதான். அவள் பிரிந்து வந்த பிறகு 'அந்த ஆள்' ஆனான். நார்மனின் முகம் வெளுத்துப்போவதைப் பார்த்தேன்.

"அவனை எவன் இங்க டொனால்ட் மெக்லவுடுன்னு கூப்பிட்டான்..." என்று முனகினார்.

"அந்த லேப்டாப்பே அவன் வாங்குனது. கணக்குத் திறந்து குடுத்ததும் அவன்தான். போன மாசத்துலருந்து அவன் பேர்ல அஞ்சு தடவ வந்துச்சு. 'உங்கள் திரையைப் பார்க்க விரும்புகிறார்'னு. ஒவ்வொரு தடவையும் வேணாம்னு அமுக்கிட்டு எந்திரிச்சுப் போய்க் கதவப் பூட்டிட்டு வருவேன்."

எனக்குச் சுரீர் என்றது. எங்கள் ஊரில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. அவள் பூட்டுவதைப் பார்த்து, "என்னடி, இன்வெர்னஸ் மகாராணி, எங்களப் பார்த்தா திருட்டுப் பயலுக மாதிரி தெரியுதா?" என்று நானே கேலி செய்திருக்கிறேன். அன்று அவளும் சிரித்தாள்.

"யாருகிட்டயாவது சொல்லியிருக்கலாம்லடி?" என்றேன்.

"யாருகிட்ட அத்தை? வாசல்ல வந்து நிக்கிறவன உள்ள விடாம அனுப்புனதா இந்த ஊர்ல சரித்திரமே கிடையாது. பாவம், என்னமோ பேசணும்போல, ஒரு தடவை என்னன்னுதான் கேளேன்னு சொல்லுவீங்க. நீங்களும் சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன்.

"என்ன பண்ணான்?" என்று அவள் அப்பாவிடம் கேட்டாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அம்புக்குறி தானா நகர்ந்துச்சு. சங்கீதம் ஓடுன படத்த ஓரமாத் தள்ளுச்சு. அங்க இங்க தேடி ஒண்ணத் தொறந்துச்சு. மேல உன் பேரு இருந்துச்சு."

"மூடியப் பட்டுன்னு சாத்தியிருக்கலாமே!" என்று நான் கத்தினேன். "கை என்ன விளங்காமப் போச்சா?"

"படிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் நார்மன்.

குட்டி பெட்டிக்குள் எழ முயன்று விழுந்தது. கடிகாரம் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அவன் உருட்டுனான். அவன் உருட்டுன வேகத்துக்கு நானும் படிச்சேன். ஒரே பக்கத்த அவன் அங்க உக்காந்து படிக்கிறான், நான் இங்க உக்காந்து படிக்கிறேன். எம் மகளுக்கு என்ன நடந்துச்சுன்னு செஞ்சவனே எனக்குப் பக்கம் பக்கமாப் புரட்டிக் காட்டுறான். படிச்சு முடிச்சதும் கீழருந்து ஒவ்வொரு வரியா அழிச்சுக்கிட்டே வந்தான்."

இஷ்பெல் கத்தியை மேசைமேல் எறிந்தாள். அது வழுக்கிப் போய் கேக் தட்டில் முட்டி நின்றது. "நேத்தே சொல்றதுக்கென்ன? நேத்து நான் அவ்வளவு பேசினேன்ல, அப்ப சொல்றதுக்கென்ன?"

கடிகாரம்தான் நாற்காலியை முன்னால் இழுத்து உட்கார்ந்தார். "போலீசுக்கு இப்பவே போன் பண்ணு இஷ்பெல். எம் பேர வச்சு வந்ததுன்னு நான் சாட்சி சொல்றேன். ஜட்ஜு முன்னால சொல்லணும்னாலும் வர்றேன்." வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அந்த மனுஷன் நேரத்தைப் பார்க்காமல் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

போலீஸ் வந்து லேப்டாப்பைப் பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனது. வக்கீலம்மா தொலைபேசியில், நடந்ததையும் சேர்த்து மறுபடி எழுதிக் கொடுத்துவிடு, நாளைச் சாயங்காலம் வரை காத்திருக்கிறேன் என்றாள். இஷ்பெல் முடியாது என்று வைத்துவிட்டாள்.

"ஒரு தடவை உள்ள போயிட்டு வந்தாச்சு அத்தை. திரும்பவும் போகச் சொன்னா என்னால ஆகாது. விட்டுருங்க. அவன் ஜெயிச்சுட்டுப் போகட்டும்."

அவன் ஜெயித்துவிட்டுப் போவதா? அன்று நான் ஆடுகளுக்குத் தீவனம் போட்டபோது அவனைத் திட்டிய திட்டில் கிடா ஒன்று மிரண்டு வேலியை உடைத்துக்கொண்டு ஓடியது.

செவ்வாய் காலை நார்மன் தானே ஊன்றுகோலோடு என் வாசலுக்கு வந்தார். "மார்சலி, உன் கையெழுத்து நல்லாருக்கும். பேப்பர் எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"அழிச்சதை நான் படிச்சேன்ல? சொல்றேன். எழுது. அவ கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

நான் பேப்பரோடு அவர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். இஷ்பெல் எங்களைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்ச் சுவரோரம் அடுக்கியிருந்த, அடுப்பெரிக்க வெட்டிக் காயவைத்த பீட் கரிமண் கட்டிகளை எடுத்துத் தள்ளுவண்டியில் போட ஆரம்பித்தாள். கதவு திறந்திருந்தது. காய்ந்த கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் சத்தம் கேட்டது.

நார்மன் சொன்னார். கப்பலில் வானிலைக் குறிப்பு வாசிப்பதைப் போல ஏற்ற இறக்கம் இல்லாமல், தேதி, இடம், நேரம் என்று வரிசையாகச் சொன்னார். வீட்டுச் சாவி எப்போதும் அவன் சட்டைப் பையில் இருந்தது. அவள் போனைத் தினமும் வாங்கிப் பார்த்தான், பிறகு கொடுப்பதையே நிறுத்திவிட்டான். கதவிடுக்கில் வைத்து நசுக்கியதில் அவளது இடது கையின் இரண்டு விரல் முறிந்தது. கார்க் கதவு பட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் அவளையே சொல்ல வைத்தான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் கட்டுப் போட்ட கையோடு வந்திருந்தாள். நார்மன் அவள் தட்டில் கறியைத் துண்டு போட்டுக் கொடுத்ததை நான் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நாங்கள் இரண்டு பேருமே கார்க் கதவைத் திட்டினோம்.

நாலாவது பக்கம் எழுதும்போது என் விரல் வலித்தது. பேனாவைப் பேப்பர் கிழியும்படி அழுத்திக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. ஒரு ஜனவரி மாதத்தில் மாடிப்படியில் வெறும் காலுறையோடு அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதுவரை வந்துவிட்டு நார்மன் நிறுத்தினார்.

"அவ்வளவுதானா?"

"ஒரு வரி இருக்கு."

"சொல்லும்."

வெளியே கட்டி விழும் சத்தம் நின்றது. இஷ்பெல் வாசற்படியில் நின்றாள், இரண்டு கையிலும் பீட் கட்டிகளை அணைத்துக்கொண்டு. கோட்டு முழுக்கப் பழுப்புத் தூள்.

"சொல்லுங்கப்பா."

"அதை மட்டும் அவன் அழிக்கலம்மா." நார்மன் மேசையைப் பார்த்துப் பேசினார். "எல்லாத்தையும் அழிச்சுட்டு அந்த ஒரு வரிய மட்டும் வெள்ளைப் பக்கத்து நடுவுல விட்டான். அதுமேல நீலப் பட்டையப் போட்டுக் காட்டுனான். நான்தான் உக்காந்திருக்கேன்னு அவனுக்குத் தெரியும். ஆராதனை ஓடிக்கிட்டிருக்குல்ல. நான் படிக்கணும்னுதான் விட்டான். அதனாலதான் தொட்டியில போட்டேன்."

"நான் எழுதுனதுதானப்பா அது. என்கிட்டருந்து எதை ஒளிச்சீங்க?"

"நான் படிச்சுட்டேங்கிறத ஒளிச்சேன்."

"சொல்லுங்க. நான் அந்தப் படியில நின்னுருக்கேன். உங்களால சொல்லக்கூட முடியாதா?" அவள் குரல் சுவரில் அடித்துத் திரும்பியது. பெட்டியிலிருந்த குட்டி கத்தியது.

நார்மன் ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் எழுதியிருந்த மாதிரியே சொன்னார்.

"'அன்று ஞாயிற்றுக்கிழமை. கீழ் வீட்டுக்காரியின் போனை வாங்கி அப்பாவைக் கூப்பிட்டேன். இருபது தடவை மணி அடித்தது. அப்பா வீட்டில்தான் இருந்திருப்பார். ஓய்வுநாளில் அவர் போனை எடுக்க மாட்டார்.'"

நான் எழுதவில்லை. எங்கள் ஊரில் யாருமே எடுக்க மாட்டோம். நானும் எடுக்க மாட்டேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல், திட்டுவதற்கென்றே பிறந்த என் வாய் அடைத்துக்கொண்டது.

"எழுது மார்சலி" என்றார் நார்மன். "ஆனா இருபது தப்பு. இருபத்திரண்டு. நான் போனுக்கு எதிர்லதான் உக்காந்திருந்தேன். எண்ணிக்கிட்டிருந்தேன்."

இஷ்பெல் கையிலிருந்த கட்டிகளை ஒவ்வொன்றாக அடுப்போரம் அடுக்கினாள். கடைசிக் கட்டியையும் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை.

"இருபத்திரண்டுன்னே எழுதுங்க அத்தை" என்றாள்.